செகண்ட் ஹேண்ட் .32 ரிவால்வர்: கழுவியது, அளந்தது, சரியானது

பழைய ரிவால்வரில் ஏதாவது இடறினால் உடனே ஸ்பிரிங்கை மாற்று, அரத்தைப் போடு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். என் கையில் இருக்கும், கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வரைச் சரிசெய்து முடித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. முதலில் கழுவ வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும். அந்த இரண்டையும் செய்யாமல் யாரையும் உலோகத்தில் கை வைக்க விடக்கூடாது. தேய்த்த உலோகம் திரும்பி வராது.

துப்பாக்கி எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றை விட்டாக வேண்டும். அப்படி ஒரு பெரியவர் ஆயுதக் கடையில் கொடுத்துவிட்டுப் போனது இது. எனக்குக் கமிஷனர் அலுவலகத்தில் லைசென்ஸ் கிடைத்ததும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஆறு தோட்டா, டபுள் ஆக்‌ஷன், நடுவில் மடித்துத் திறக்கும் வகை. பிரிட்டிஷ்காரர்களின் வெப்ளி ரிவால்வர் வழியில் வந்த அமைப்பு. வெளிப்பூச்சு பல இடங்களில் மங்கியிருந்தது, குழலின் உள்ளே வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. குழல் நன்றாக இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கினேன்.

வீட்டில் வேலையைத் தொடங்குமுன் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கும். துப்பாக்கியைத் திறந்து, சிலிண்டரில் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) தோட்டா உட்காரும் ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பேன். அதன் பிறகுதான் மேஜைக்கே வரும். இடையில் காபி குடிக்க எழுந்து போய்வந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

முதல் சோதனை பூட்டு விழுகிறதா என்பது. டபுள் ஆக்‌ஷனில் டிரிகரை இழுக்கும் ஒரே இழுப்பில் மூன்று காரியம் நடக்க வேண்டும்: தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி பின்னால் போகும், சிலிண்டர் ஒரு அறை திரும்பும், சுத்தி விழுவதற்கு முன்பே சிலிண்டர் அதன் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும். கட்டை விரலால் சிலிண்டரை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிரிகரை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே போய் உட்கார்ந்துவிடும், குறை தெரியாது. நான் ஒவ்வொரு அறைக்கும் மார்க்கரால் எண் போட்டுக்கொண்டேன். ஐந்து அறைகள் சரியாகப் பூட்டின. மூன்றாம் எண் மட்டும் பூட்டவில்லை. டிரிகரை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும்போதும் சிலிண்டரை விரலால் நகர்த்த முடிந்தது. அந்த நிலையில் சுட்டால் குண்டு குழலின் நேருக்கு நேர் போகாமல் விளிம்பில் உரசி ஈயத்தைச் சீவித் தள்ளும். சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

கடையில் நின்றிருந்த ஒருவர், சிலிண்டரைத் திருப்பும் கொக்கி தேய்ந்துவிட்டது, அதை மாற்ற வேண்டும் என்றார். கொக்கி தேய்ந்திருந்தால் எல்லா அறைகளிலும் கொஞ்சமாவது தெரியும். ஒரே அறையில் மட்டும் குறை என்றால் அந்த அறையைத்தான் பார்க்க வேண்டும்.

டார்ச்சும் லென்ஸும் வைத்துப் பார்த்தேன். சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, பூட்டு வந்து விழுகிற இடம். மூன்றாம் அறையின் பள்ளம் மட்டும் ஆழம் குறைவாகத் தெரிந்தது. அடியில் வெளிர் மஞ்சளாக ஏதோ கெட்டித்துக் கிடந்தது, ஒரு ஓரத்தில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்! ஆயுத பூஜைக்கு ஆண்டுதோறும் வைத்த பொட்டு சிலிண்டரின் மேல் அந்த இடத்தில் விழுந்து, மேலே எண்ணெய் ஏறி, கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய்க்கு அது அசையவே இல்லை. சந்தனம் தண்ணீரில் குழைத்த மரத்தூள், எண்ணெயில் கரையாது. மேலே இருந்த எண்ணெய்ப் படலத்தை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சை அந்தப் பள்ளத்தில் மட்டும் சற்று நேரம் வைத்தேன். இளகியதும் பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. அடியில் ஊசிமுனை அளவுக்குத் துரு அரித்த புள்ளிகள். உடனே ஈரத்தை ஒற்றி, ஹேர் டிரையரில் உலர்த்தி, எண்ணெய் விட்டேன். டிரிகரை மெதுவாக இழுத்தால் மூன்றாம் அறையும் டக்கென்று பூட்டியது.

பூஜையை நிறுத்தவில்லை. பொட்டை இப்போது பெட்டியின் மேல் வைக்கிறேன்.

அடுத்தது, ஒரு சுற்றில் ஓரிடத்தில் டிரிகர் கனத்தது. மடித்துத் திறக்கும் ரிவால்வரில், திறக்கும்போது நடுவில் இருக்கும் நட்சத்திரத் தகடு எழுந்து காலி கேஸ்களைத் தள்ளிவிட்டு, பட்டென்று உள்ளே போய்விடும். அந்தத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று சிக்கினால் போதும், தகடு முழுக்கப் படியாது. தோட்டாவின் விளிம்பு பின்சுவரில் உரசும். பல் துலக்கும் பிரஷால் தகட்டின் அடியையும் அது உட்காரும் குழியையும் சுத்தம் செய்ததும் கனம் போய்விட்டது. அந்த இடத்தில் எண்ணெய் விடக்கூடாது, துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலரத் துடைத்தால் போதும்.

அளப்பதற்கு, சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கிற ஃபீலர் கேஜ் (இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை, சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒருமுறை, முன்னால் தள்ளி ஒருமுறை அளந்தேன். 0.25 மில்லிமீட்டர், 0.15 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.10. அதுதான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். பழைய துப்பாக்கிக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. எண்ணை நோட்டில் எழுதி வைத்தேன். இன்றைய எண்ணைவிட அது வளர்கிறதா என்பதுதான் முக்கியம்.

இவ்வளவுக்குப் பிறகு கிளப் ரேஞ்சில் சுட்டபோது வேறொன்று தலைகாட்டியது. டபுள் ஆக்‌ஷனில் இழுத்தால் அவ்வப்போது தோட்டா வெடிக்கவில்லை. சுத்தியைக் கையால் பின்னிழுத்துச் சுட்டால் ஒன்றும் தவறவில்லை. வெடிக்காத தோட்டா என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். உடனே மறுபடி டிரிகரை இழுப்பது மகா தவறு. தாமதமாக வெடிக்கும் தோட்டா அப்போது குழலுக்கு நேராக இல்லாமல் பக்கத்துக்கு நகர்ந்திருக்கும்.

அறை எண்களைக் குறித்துப் பார்த்தேன், கோளாறு எந்த ஒரு அறையையும் தொடரவில்லை. வெடிக்காத தோட்டாக்களின் அடியில் விழுந்த குழி, வெடித்தவற்றைவிட ஆழம் குறைவு. டபுள் ஆக்‌ஷனில் சுத்தி முழுத் தூரம் பின்னால் போகாமலே விழுகிறது, அதனால் அடியின் பலம் இயல்பாகவே சற்றுக் குறைவு. உள்ளே ஏதாவது இழுத்துப் பிடித்தால் முதலில் அங்கேதான் தெரியும். பக்கத் தகட்டைத் திறக்கும் வேலை என்னுடையதல்ல, லைசென்ஸ் உள்ள கடையில் ரிப்பேர் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி, எண்ணெய்தான் பிசினாப் போயிருக்கு" என்றார். உள்ளே பழுப்பு நிறத்தில் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, சுத்தியின் அச்சில் ஒரு சொட்டு, டிரிகரின் அச்சில் ஒரு சொட்டு, அவ்வளவுதான் விட்டார். "அரத்தை மட்டும் உள்ள விட்ராதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதன் பிறகு டபுள் ஆக்‌ஷனில் ஒரு தோட்டாவும் தவறவில்லை.

எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் சென்னையிலேயே அந்தக் குளிர் வரும். நல்லெண்ணெயும் நாளாக நாளாகப் பிசுக்காகும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, நன்றாகவே வேலை செய்கிறது. குழலைச் சுத்தம் செய்ய இந்த வகை ரிவால்வரில் ஒரு வசதி: மடித்துத் திறந்தால் கம்பியைப் பின்பக்கத்திலிருந்தே விடலாம், குழலின் முனை உரசாது. பித்தளை பிரஷ், அப்புறம் வெள்ளைத் துணி, துணி கறுக்காமல் வரும்வரை. சிலிண்டர் முகத்தில் படியும் கறுப்பு வளையங்களைப் பளபளப்பாக்க முயல வேண்டாம், கரி போனால் போதும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது, அந்த அழுக்கில் ஈயம் இருக்கிறது. நான் பால்கனியில்தான் செய்வேன், குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒருபோதும் செய்வதில்லை.

கடற்காற்று உள்ள ஊரில் துருதான் பெரிய எதிரி. தோல் உறை வெளியே கொண்டுபோக மட்டும். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் வந்ததும் எல்லோரையும்போல நானும் துப்பாக்கியை ஒப்படைத்தேன். கொடுக்கும் முன் வெளியிலும் குழலிலும் அறைகளிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தடவி, எண்ணெய்த்துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தேன். கத்திரி வெயிலெல்லாம் தாண்டி ஜூனில் திரும்பி வந்தபோது புதிதாக ஒரு புள்ளித் துரு இல்லை. பழைய ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்த இடங்களை மிக மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு நீவி எடுத்தேன். உப்புத்தாள் பக்கமே போகவில்லை.

இன்னும் கண்காணிப்பில் இருப்பது மேலே பூட்டும் கொண்டி. பிடியையும் குழலையும் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் கைக்குத் தெரிகிறது. இப்போதைக்குச் சுடுவதற்குத் தடையில்லை என்று பாய் சொல்கிறார். அடுத்த முறை சிலிண்டர் இடைவெளியை அளக்கும்போது 0.25 என்பது 0.30-ஐத் தொட்டிருந்தால் கொண்டியையும் கீல் ஆணியையும் சேர்த்துப் பார்க்க அவரிடமே கொடுத்துவிடுவேன்.