ஒரு பல் வித்தியாசம்: ஸ்டீயரிங் கோண சென்சார் செய்து பார்த்தது

காந்தத்தை வைத்துக் கோணம் அளக்கும் சென்சாருக்கு ஒரு சுற்றுக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும். 30 டிகிரியும் 390 டிகிரியும் அதற்கு ஒன்றே. கார் ஸ்டீயரிங்கோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று சுற்று வரை போகிறது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பான இஎஸ்பிக்கு வண்டியை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பப் பார்க்கிறோம் என்பது சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

கார் பாகங்கள் செய்யும் பாஷ் நிறுவனம் இதற்குக் கண்ட வழி அழகானது. ஸ்டீயரிங் தண்டில் ஒரு பெரிய பல்சக்கரம், அது சுழற்றும் இரண்டு சின்னச் சக்கரங்கள். சின்னவற்றுக்குள் ஒரே ஒரு பல் வித்தியாசம். அதைத்தான் 3டி பிரிண்டரில் அடித்தேன்: பெரியது 60 பல், சின்னவை 20, 21. பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 1 (விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் 1 மி.மீ.) என்பதால் அச்சுகளுக்கு இடையே 40 மி.மீ., 40.5 மி.மீ. தூரம். இந்த அரை மில்லிமீட்டரை விட்டால் 21 பல் சக்கரம் இறுகிவிடும்.

சின்னச் சக்கரங்களின் நடுவில் 6 மி.மீ. காந்தம், எதிரே அதன் கோணத்தைப் படிக்கும் ஏஎஸ்5600 சென்சார் சிப். சாதாரண வட்டக் காந்தம் உதவாது, அதன் துருவங்கள் மேலும் கீழுமாக இருக்கும். விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றியதைக் கேட்டு வாங்க வேண்டும். சிப்புகள் தகவல் அனுப்பும் ஐ2சி இணைப்பில் இரண்டு சிப்புக்கும் முகவரி ஒன்றே என்பதால் இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் (காரின் இஎஸ்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) இரண்டு ஐ2சி தடங்களில் தனித்தனியாக இணைத்தேன்.

கணக்கு இதுதான். 20-க்கும் 21-க்கும் மீச்சிறு பொது மடங்கு 420. அத்தனை பல் நகரும்வரை, அதாவது ஸ்டீயரிங் 7 சுற்று சுற்றும்வரை, இரண்டு காந்தங்களின் கோண ஜோடி திரும்ப வராது. 20 பல் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 17 டிகிரி கூடும். அந்த வித்தியாசம் எத்தனையாவது சுற்று என்று சொல்லிவிடும். நுணுக்கத்தைச் சக்கரத்தின் சொந்தக் கோணம் தரும். பிழை 8 டிகிரிக்குள் இருந்தால் சுற்று எண் தப்பாது என்பதால் பிரிண்டர் பல்லின் கரடுமுரடெல்லாம் இங்கே பொருட்டே இல்லை.

மின்சாரத்தை நிறுத்தி, ஒன்றேகால் சுற்று திருப்பி, மறுபடி போட்டேன். 450-ஐ ஒட்டி வந்து நின்றது! சில கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும். இதற்கு அந்த வேலை இல்லை.

திசை மாற்றும்போது மட்டும் பற்களின் இடைவெளியால் அரை டிகிரி போல ஆட்டம் தெரிகிறது. சின்னச் சக்கரத்தை இரண்டு தட்டாகப் பிளந்து நடுவே ஸ்பிரிங் வைப்பது அடுத்த வேலை.