கார்புரூக் மலைச்சரிவில் டொர்னாடோவின் தடம் தேடி

2023 டிசம்பர் 27 அன்று, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, கெரிட் புயல் பிரிட்டனைக் கடந்துகொண்டிருந்த வேளையில், மான்செஸ்டருக்குக் கிழக்கே உள்ள டேம்சைட் பகுதியில் ஒரு டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரையைத் தொடும் குறுகிய சுழற்காற்று, இறங்கியது. ஸ்டேலிபிரிட்ஜ், மில்புரூக், கார்புரூக், மாஸ்லி ஆகிய ஊர்களில் ஏறத்தாழ நூறு வீடுகள் சேதமடைந்தன. சிலவற்றின் கூரை முழுதாகவே பெயர்ந்து போனது. வீடுகளில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த இந்தச் சேதத்தில் எவருக்கும் காயம் ஏற்பட்டதாகத் தகவல் வரவில்லை என்பது பெரும் ஆறுதல். மறுநாள் செய்திகளில் வந்த படங்கள் யாவும் கூரையிழந்த வீடுகளையே காட்டின. அந்த வீடுகளுக்குப் பின்னால் உயர்ந்து செல்லும் மேய்ச்சல் நிலங்களிலும் மரக்கூட்டங்களிலும் என்ன நடந்தது என்று ஒரு படமும் சொல்லவில்லை. வானிலையைப் பொழுதுபோக்காகத் தொடரும் நண்பர்கள் சிலரோடு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே போனது அதைப் பார்ப்பதற்காகத்தான்.

இந்த நாட்டில் டொர்னாடோக்களைப் பதிவு செய்யும் வேலையைப் பெருமளவு தாங்கி நிற்பவர்கள் தன்னார்வலர்கள். டெரன்ஸ் மீடன் என்னும் ஆய்வாளர் 1974-இல் தொடங்கிய ‘டோரோ’ என்ற அமைப்பு, அன்றிலிருந்து ஊர் ஊராக நோக்கர்களைச் சேர்த்து, அவர்கள் அனுப்பும் தகவல்களைச் சரிபார்த்துத் தொகுத்து வருகிறது. பிரிட்டனில் ஆண்டுக்குச் சராசரியாக முப்பது டொர்னாடோக்கள் வரை உருவாகின்றன. பெரும்பாலானவை வலுக்குறைந்தவை, சில நிமிடங்களே நீடித்து, வயல்வெளியில் நாலைந்து மரங்களைச் சாய்த்துவிட்டு மறைந்துபோகின்றவை. யாராவது நேரில் நடந்து பார்த்து எழுதி வைத்தாலொழிய, அப்படி ஒன்று வந்துபோனதே கணக்கில் ஏறாது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும், நிலவியல் படிக்கும் மாணவி ஒருவரும், மின்பணியாளர் ஒருவரும் இருந்தார்கள். மாதச் சம்பளத்துக்கு வானிலையைக் கவனிப்பவர் ஒருவர்கூட இல்லை.

லண்டன் யூஸ்டனிலிருந்து மான்செஸ்டர் பிக்கடில்லி வரை ஒரு ரயில், அங்கிருந்து ஸ்டேலிபிரிட்ஜுக்கு இன்னொரு ரயில். பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. ஊரைத் தாண்டிக் கார்புரூக் பக்கம் போனால், பென்னைன் மலைத்தொடரின் அடிவாரம் தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் கல்வீடுகளின் வரிசை, மறுபக்கம் புல்வெளிச் சரிவு, அதற்கு மேலே பக்டன் குன்று. பல கூரைகளின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. சாரக்கட்டுகளில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தெருக்களில் நாங்கள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. வீட்டை இழந்து உறவினர் வீட்டில் தங்கியிருப்பவரின் படுக்கையறைச் சுவரைப் படம் பிடிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை என்பது ஆசிரியரின் உறுதியான கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. வீடுகளைப் பார்ப்பதற்கு அனுபவம் மிக்கவர்கள் முன்பே வந்து போயிருந்தார்கள். எங்களுக்கு வேலை மேலே இருந்தது.

இங்கிலாந்தில் பொதுப் பாதையாகக் குறிக்கப்பட்ட ஒற்றையடித் தடங்களில், அவை தனியார் நிலத்தின் ஊடே சென்றாலும், யாரும் நடக்கலாம். தடத்தை விட்டு விலகுவதற்கு மட்டும் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். சரிவின் நடுவில் இருந்த பண்ணைவீட்டின் கதவைத் தட்டி, வந்த காரியத்தைச் சொன்னோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் காலணியை மாட்டிக்கொண்டு எங்களுடனேயே வந்துவிட்டார். அவர் கையில் ஒரு சாக்குப்பை இருந்தது. “நீங்கள் மரத்தைப் பாருங்கள். எனக்கு இந்தப் பஞ்சும் கல்லும்தான் கவலை. ஆடுகளை இன்னும் இந்தப் பக்கம் விட முடியவில்லை,” என்றார்.

அவர் சொன்னது அருகில் போனதும் விளங்கியது. கம்பி வேலியின் ஒவ்வொரு முடிச்சிலும், முட்புதர்களின் ஒவ்வொரு கிளையிலும், மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு சிக்கியிருந்தது. வீட்டுக் கூரைக்குக் கீழே குளிர் இறங்காமல் இருக்க விரிக்கப்படும் பஞ்சு அது. ஒரு கொத்தைக் கையுறையோடு பிரித்துப் பார்த்தேன். முட்கள் நார்களுக்குள் முழுதாகப் புதைந்து, மழையில் நனைந்து ஈரக் கம்பளம் போலக் கனத்தது. புல்லுக்குள் ஸ்லேட் ஓட்டின் சில்லுகள் கிடந்தன. ஒன்று விளிம்பு கீழாகத் தரையில் செருகி நின்றது. மாணவி அதைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, செருகிய ஆழத்தை அளவுகோலால் அளந்து, அது சாய்ந்திருந்த திசையைத் திசைகாட்டியில் படித்துக் குறித்துக்கொண்டாள். பிறகுதான் அதைப் பிடுங்கிச் சாக்கில் போட்டோம். ஆட்டின் குளம்பையும் வாயையும் கிழிக்கக்கூடிய அந்தச் சில்லுகளைப் பண்ணைக்காரர் தினமும் காலையில் குனிந்து பொறுக்கி வருகிறாராம். எங்களால் முடிந்த மட்டும் நாங்களும் பொறுக்கினோம்.

அடுத்துக் கவனித்தது மரங்களை. ஒரு மரம் விழுந்து கிடப்பதால் டொர்னாடோ வந்தது என்று சொல்லிவிட முடியாது. கெரிட் போன்ற ஒரு புயலின் நேர்க்காற்றே மரங்களைச் சாய்க்கும். இடிமேகத்திலிருந்து திடீரெனக் கீழிறங்கும் குளிர்க்காற்றும் சாய்க்கும். நேர்க்காற்றில் விழுந்த மரங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கும். கீழிறங்கும் காற்று தரையில் மோதி வெளிப்பக்கம் பரவுவதால், மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்து கிடக்கும். டொர்னாடோவிலோ காற்று உள்நோக்கி இழுக்கப்படுவதால், தடத்தின் இரு பக்கத்து மரங்களும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். வடக்குக் கோளத்தில் பெரும்பாலான டொர்னாடோக்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. ஆகவே, அது போகும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன. இடப்பக்கத்தில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. புயற்காற்றோடு விரைந்து நகரும் குளிர்கால டொர்னாடோக்களில் இந்த வேறுபாடு மிகவும் தெளிவாகத் தெரியும்.

நாங்கள் ஒவ்வொரு மரத்துக்கும் அதன் இடம், இனம், அடிமர விட்டம், வேரோடு சாய்ந்ததா முறிந்ததா, முறிந்தது எத்தனை அடி உயரத்தில், உச்சி எந்தத் திசையை நோக்கிக் கிடக்கிறது என்ற விவரங்களை எழுதினோம். தென்கிழக்குப் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் வடக்கே தலைவைத்துக் கிடந்தன. சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர் ஒன்றைத் தாண்டி மறுபக்கம் போனதும், உச்சிகள் கிழக்கே திரும்பின. ஓரிரண்டு தென்கிழக்கையே காட்டின. இரண்டு வரிசைகளையும் வரைபடத்தில் அம்புக்குறிகளாக இட்டபோது, அவை சந்திக்கும் கோடு சரிவின் குறுக்கே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறியது. ஒரு கல்லெறி தூரத்துக்குள் காற்றின் திசை இவ்வளவு மாறியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு தோப்பு முழுக்க, பக்கத்துத் தோப்பு முழுக்க, மரங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன; பல மாவட்டங்களை மூடும் அளவுக்குப் பரந்த புயலின் சுழற்சி, ஒரு தோப்பில் நிற்பவருக்கு நேர்க்காற்றாகவே தெரியும். இங்கே அந்தச் சுழற்சி ஒரு வயலுக்குள் அடங்கிவிடுகிறது.

வீடுகள் காற்றின் வலிமையைச் சொல்கின்றன. வயல்தான் அது சுழன்றதா என்பதைச் சொல்கிறது. தெருவில் விழுந்த மரம் வேலியிலும் சுவரிலும் மோதித் திசை மாறியிருக்கலாம். வீடுகளுக்கிடையே புகும் காற்றே வளைந்துதான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், தெருவில் எதுவும் நிலைத்து நிற்பதில்லை. போக்குவரத்துக்கு வழிவிட மறுநாள் காலையே மின்ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வர வேண்டியதும் நியாயமே. மேட்டு நிலத்தில் கிடக்கும் மரத்துக்கு அந்த அவசரம் இல்லை என்பதால், வாரக்கணக்கில் அது விழுந்தபடியே கிடக்கும். கிராமப்புறச் சேதத்தை யாரும் பார்க்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருவதற்குக் காரணம் இதுதான்.

வலிமையை மதிப்பிடுவதில் மரங்கள் அவ்வளவு நேர்மையான சாட்சிகள் அல்ல. மீடன் வகுத்த ‘டி’ அளவுகோல் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது; எண் கூடக் கூட வலிமை கூடும். காற்றின் வேகத்துக்கான பியூஃபோர்ட் அளவுகோலின் நீட்சியாக அது அமைந்தது. இந்த டொர்னாடோவை டோரோ அமைப்பு டி5 என்று மதிப்பிட்டது. அதாவது, மணிக்கு ஏறத்தாழ 220 முதல் 260 கிலோமீட்டர் வரையிலான வேகம். அந்த முடிவு வீடுகளின் சேதத்திலிருந்து வந்தது. நாங்கள் பார்த்த மரங்களை மட்டும் வைத்துச் சொன்னால் டி2, மிஞ்சினால் டி3 என்றுதான் சொல்ல முடியும். டிசம்பர் முழுக்கப் பெய்த மழையில் மண் ஊறிப் போயிருந்ததால், வேர்ப்பிடிப்புத் தளர்ந்த மரம் மிதமான காற்றுக்கே சாய்ந்திருக்கும். இங்குள்ள ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று பல ஆண்டுகளாக அரித்து வருவது இன்னொரு காரணம். முறிந்த இடத்தில் கறுத்து, விரலால் அழுத்தினால் உதிரும் கட்டையைக் கண்டால் அந்த மரத்தின் சாட்சியத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று மின்பணியாளரான நண்பரிடம் பண்ணைக்காரர் கேட்டார். நண்பர் லண்டனின் 1091-ஆம் ஆண்டு டொர்னாடோவைப் பற்றிச் சொன்னார். அவ்வாண்டு அக்டோபரில் செயின்ட் மேரி-லி-போ தேவாலயத்தின் கூரையைக் காற்று தூக்கி எறிந்தபோது, 26 அடி நீளமுள்ள உத்தரங்கள் நான்கு, வெறும் 4 அடி மட்டும் வெளியே தெரியும்படி மண்ணுக்குள் இறங்கியதாக அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அளவைக் குறிப்பிட்டு எழுதிய காரணத்தால்தான், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த டொர்னாடோவை டி8 என்று மதிப்பிட ஒரு பிடிமானம் கிடைத்தது. பண்ணைக்காரர் தலையசைத்துவிட்டு, சுவருக்கு அப்பால் நாங்கள் கவனிக்காமல் விட்ட சைகமோர் மரம் ஒன்றைக் காட்ட அழைத்துப் போனார்.

அன்று மாலை மாஸ்லி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோதே குறிப்புகளை ஒப்பிட்டு முடித்தோம். தடத்தின் அகலத்தைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. வடமேற்கு ஓரத்தில் தனியாக விழுந்து கிடந்த ஓர் ஆஷ் மரத்தைச் சேர்த்தால் தடம் அகன்றுவிடும். அதன் அடிமரமோ பாதிக்கு மேல் உளுத்திருந்தது. டொர்னாடோ வருவதற்கு முன் வீசிய புயற்காற்றிலேயே அது விழுந்திருக்கலாம் என்று ஆசிரியர் வாதிட்டார். உச்சி தென்கிழக்கைக் காட்டுவதால் நேர்க்காற்றுக்கு அது பொருந்தாது என்று மாணவி மறுத்தாள். இறுதியில் அதன் படங்களோடு இரண்டு கருத்துகளையும் அறிக்கையில் எழுதி, திசைக் கணக்கில் அதைச் சேர்த்தும், வலிமைக் கணக்கில் சேர்க்காமலும் அனுப்பினோம்.