திருவொற்றியூர் மொட்டை மாடி மர அறைக்கு சீடர்: மரம் பார்த்து வாங்கிய விதம்

அறையின் அளவு 12 அடிக்கு 10 அடி, சுவர் உயரம் 8 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். சீடர் மரத்தில் (கனடாவிலிருந்து வரும் வெஸ்டர்ன் ரெட் சீடர்) சட்டத்தின் மேல் சட்டம் அடுக்கிக் கட்டும் மரச்சுவர். இடம் திருவொற்றியூரில் ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடி. கடல் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் காற்றில் எப்போதும் உப்பு உண்டு. மரம் தேர்ந்தெடுத்ததிலிருந்து கடைசி எண்ணெய்ப் பூச்சு வரை எங்களுக்குத் தெரியவந்ததை இங்கே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பணமும் நேரமும் மிச்சமாகட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது எடை. கதவு ஜன்னலைக் கழித்தால் சுவரின் பரப்பு சுமார் 300 சதுர அடி. அதை 9 அங்குலச் செங்கல்லில் எழுப்பினால் 225 கன அடி, அதாவது ஏறத்தாழ 12 டன். பழைய மாடி அதைத் தாங்குமா என்று கேட்கவே பயமாக இருக்கும். மூன்றரை அங்குலப் பருமன் மரச்சுவருக்கு 87.5 கன அடி போதும். தேக்கு என்றால் 1,600 கிலோ, சீடர் என்றால் 920 கிலோ. சீடரை எடுத்ததற்கு முதல் காரணம் இந்தக் கணக்குத்தான். சீடர் உறுதியான மரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் மெத்தென்ற மரம் அது. லேசாக இருக்கிறது, ஈரம் ஏறி இறங்கும்போது அதிகம் முறுக்காது, வைரப் பகுதி (மரத்தின் உள்ளே இருக்கும் முற்றிய பகுதி) எளிதில் உளுத்துப் போகாது. இந்த மூன்றுக்காகத்தான் அதற்குக் காசு கொடுக்கிறோம்.

எடை குறைவுதானே என்று அனுமதி வாங்காமல் கட்டக் கூடாது. மர அறையும் கட்டடம்தான். கட்டமைப்புப் பொறியாளரை மாடிக்கே அழைத்துக் காட்டி, கீழே பீம் எங்கெங்கே ஓடுகிறது என்று குறித்து வாங்கி, சுவர்க்கோடுகளை அந்த பீம்களின் மேல் வருமாறு வைத்த பிறகுதான் மரக்கடைக்குப் போக வேண்டும். அறையின் அளவு அப்போது சில அங்குலம் மாறலாம், அதனால் மரத்தின் கணக்கும் மாறும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். சென்னையில் மரக்கடைகள் இருக்கும் வால்டாக்ஸ் ரோட்டிலும் சைடனாம்ஸ் ரோட்டிலும் சீடர் என்று கேட்டால் மூன்று வேறு மரங்களைக் காட்டுவார்கள். ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பக்கமிருந்து வரும் வெஸ்டர்ன் ரெட் சீடர். இன்னொன்று இமயமலையின் தேவதாரு. மூன்றாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சந்தன வேம்பு, இதையும் ரெட் சீடர் என்றே விற்பதுண்டு. இவற்றில் தாவரவியல்படி உண்மையான சீடர் தேவதாரு ஒன்றுதான். கனடா மரம் சைப்ரஸ் குடும்பம், சந்தன வேம்பு நம் வேப்ப மரத்தின் உறவு. மூன்றுமே நல்ல மரங்கள். ஆனால் எடை, சுருக்கம், விலை மூன்றிலும் ஒன்று மற்றொன்று ஆகாது. "அண்ணே, இது எந்த சீடர்?" என்று கேட்டால், "சீடர்னா சீடர்தான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்து சோதித்துவிடலாம்.

நாங்கள் செய்தது இது. ஒரு அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குலப் பருமனுக்குச் சரியாக இழைத்த காய்ந்த துண்டை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். வெஸ்டர்ன் ரெட் சீடர் என்றால் 870 கிராம் சுமாரில் நிற்கும். தேவதாரு 1.3 கிலோ பக்கம் போகும். தேக்கு ஒன்றரை கிலோவைத் தொடும். மரத்துக்கு மரம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், ஆனால் 870-ம் 1,300-ம் குழம்பாது. பிறகு துண்டின் வெட்டு முனையைப் புது பிளேடால் சீவி, சற்று நனைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். சந்தன வேம்பில் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் வளையம் வளையமாகத் தெரியும். வெஸ்டர்ன் ரெட் சீடரிலும் தேவதாருவிலும் துளையே இருக்காது, நெருக்கமான கோடுகள் மட்டும்தான். எங்களிடம் சீடர் என்று கொடுத்த ஒரு துண்டில் துளைகள் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் கடையில் மேற்கொண்டு எதுவும் வாங்கவில்லை. வாசனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம், மூன்றுமே மணக்கும்.

மரம் இன்னதென்று தெரிந்த பிறகு வைரமா வெள்ளையா என்று பாருங்கள். உளுக்காமல் காக்கும் சத்து வைரத்தில் மட்டும்தான் இருக்கிறது. செம்பழுப்பு நிறம் வைரம், விளிம்பில் ஓடும் வெளிர்ப் பகுதி வெள்ளை. வெள்ளையைக் கறையானும் பூஞ்சையும் விடாது. சட்டத்தின் ஒரு மூலையில் வெள்ளை கொஞ்சம் இருந்தால் அந்தப் பக்கத்தை அறைக்கு உள்பக்கமாகத் திருப்பிவிடலாம். அதற்கு மேல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் சிறு கணு பரவாயில்லை. கறுப்பு வளையம் கட்டிய கணு காய்ந்ததும் கழன்று விழும், அந்த ஓட்டை வழியாக மழை உள்ளே வரும்.

இனி அளவு. பணம் கரைவது இங்கேதான். அறுத்த மரத்துக்குக் கன அடிக் கணக்கு எல்லாரும் அறிந்ததே: நீளம் அடியில், அகலமும் பருமனும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். வட அமெரிக்க மரத்தில் "4-க்கு 6" என்பது பெயரளவு மட்டுமே. இழைத்து வரும் சட்டம் உண்மையில் மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். 24-க்குப் பதில் 19.25 சதுர அங்குலம், அதாவது 80 சதவீதம். பில்லில் 100 கன அடி என்று போட்டால் கைக்கு வருவது 80. எந்த அளவுக்கு விலை என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய கோளாறு வரிசைக் கணக்கில் வரும். 8 அடிச் சுவருக்கு 6 அங்குலச் சட்டம் 16 வரிசை என்று மனக்கணக்குப் போட்டோம். உண்மை உயரம் ஐந்தரை. அதில் நாக்கு-காடிக்கு (ஒரு சட்டத்தின் நாக்கு அடுத்த சட்டத்தின் காடிக்குள் பொருந்தும் இணைப்பு) அரை அங்குலம் போனால் ஒரு வரிசை மூடுவது 5 அங்குலம்தான். 96 அங்குலத்துக்கு ஏறத்தாழ 19 வரிசை தேவை. சுற்றளவு 44 அடி, மூன்று வரிசை குறைந்தால் கதவு ஜன்னல் கழிக்காமல் 132 அடி நீளம் குறையும். சுவர் நெஞ்சுயரம் வந்தபோதுதான் எங்களுக்கு அது உறைத்தது. பாக்கி மரம் வேறு கட்டிலிருந்து வந்ததால் மேலே மூன்று வரிசை மட்டும் நிறம் சற்று வெளிறித் தெரிகிறது.

இந்த மரம் இரட்டைப்படை அடியில்தான் வரும், 8, 10, 12 என்று. அறை 12-க்கு 10 என்று வைத்ததும் அதனால்தான், வெட்டு விரயம் மிகக் குறைவு. 20 அடி நீளம் வாங்கி ஒட்டு இல்லாமல் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வடசென்னைச் சந்துகளில் 20 அடிச் சட்டம் திரும்பாது. 12 அடிச் சட்டம் ஒன்று 17 கிலோதான், கயிறு கட்டி வீட்டு முகப்பு வழியாகவே மேலே இழுத்துவிடலாம்.

மரத்தை இறக்கும் நாளில் அதன் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் கையில் இருக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் மரம் கடைசியில் 13, 14 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். 19 சதவீதத்தில் வாங்கி அப்படியே அடுக்கினால் காயக் காயச் சுவர் இறங்கும். 8 அடிச் சுவரில் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை. பச்சை மரம் என்றால் அடிக்கு முக்கால் அங்குலம் விட வேண்டும் என்பது மர வீடு கட்டுகிறவர்களின் பழைய கணக்கு, அப்படி 6 அங்குலம். மேல்பரப்பை மட்டும் குத்திப் பார்க்காதீர்கள். கட்டின் நடுவிலிருந்து சட்டத்தை உருவி, முனையிலிருந்து இரண்டு அடி தள்ளி வெட்டிய புது முகத்தில் குத்திப் பாருங்கள். எங்கள் கட்டில் வெளிச்சட்டம் 13 காட்டியது, உள்சட்டம் 18. அதனால் ஒரு அங்குல ரீப்பர்களை இடையில் வைத்து, நிழலில், காற்றோட்டமாக ஆறு வாரம் அடுக்கிவைத்தோம். இதையெல்லாம் ஜனவரியில் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து இறங்கும் மரம் தார்ப்பாய்க்குள் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

அடி வரிசை. மொட்டை மாடியில் தட்டோடு, அதன்கீழ் சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த அடுக்கு). அதில் போல்ட் அடித்தால் பிடிப்பும் இருக்காது, ஒழுக்கும் வரும். சுவர்க்கோட்டில் மட்டும் அதைப் பெயர்த்து, பீமிலிருந்து கம்பி எடுத்து 6 அங்குல உயரக் கான்கிரீட் கட்டை போட்டு, ஓரங்களுக்கு நீர்த்தடுப்பு செய்து, மேலே ஈரத்தடுப்புத் தாள் விரித்த பிறகுதான் முதல் சட்டம். அந்த முதல் சட்டமும் கதவு வாசற்படியும் தேக்கில் போட்டோம். மிதிபடும் இடத்தில் சீடர் குழிந்துவிடும்.

காற்றைக் குறைத்து எடை போடக் கூடாது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரக் குறியீட்டில் சென்னைக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடை குறைந்த சுவர் என்பதால் கூரையோடு சேர்த்து மேலே தூக்கும் விசைதான் ஆபத்து. கான்கிரீட் கட்டையிலிருந்து கிளம்பும் மரையுள்ள எஃகுக் கம்பி எல்லா வரிசைகளையும் துளைத்து மேல்சட்டத்தில் நட்டு போட்டு இறுக வேண்டும். எத்தனை அடிக்கு ஒன்று, எவ்வளவு பருமன் என்பது பொறியாளர் சொல்வது. நட்டின் அடியில் ஸ்பிரிங் வேண்டும், மரம் இறங்கும்போது தளராமல் இருக்க. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு முடிவில் மறுபடி முடுக்க வேண்டும். அதற்காக மேல்சட்டத்தைப் பொய்க்கூரைக்குள் புதைத்துவிடாதீர்கள்.

கதவு ஜன்னல் நிலைகளைச் சட்டத்தோடு நேரே ஆணியடிப்பதுதான் ஆசாரிகள் வழக்கமாகச் செய்யும் தவறு. செங்கல் சுவருக்கு அது சரி. இங்கே சுவர் இறங்கி நிலையின் தலையில் உட்காரும், கதவு திறக்காது, கண்ணாடி விரியும். நிலைக்கு மேலே ஒன்றரை அங்குல இடைவெளி விட்டு கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அடைத்து, மூடுபலகையை மேல் சட்டத்தில் மட்டும் பிடித்தோம். பக்கவாட்டுத் திருகுகளுக்கு நீள்துளை, திருகு அதற்குள் வழுக்கிக் கொடுக்கும்.

திருகு, ஆணி, கொண்டி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சீடரின் சாறு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். ஒரு ஈரத்துண்டில் சாதா ஆணியை ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், காலையில் நீலக்கறுப்பு வளையம் இருக்கும். 304 தரம் இந்த உப்புக்காற்றில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும்.

இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். இந்த மரத்தூளில் இருக்கும் பிளிகாடிக் அமிலம் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரவைக்கும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 வேண்டும். வேலை செய்கிறவர் "பழக்கம்தான்" என்று மறுத்தாலும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம். நம் வெயிலில் அது படலமாகி வெடித்து உரியும், மறுபூச்சுக்கு முழுவதும் சுரண்ட வேண்டிவரும். மரத்துக்குள் ஊறும், நிறமி கலந்த எண்ணெய் இரண்டு பூச்சு போட்டோம். அடுக்கும் முன்பே வெட்டு முனைகளுக்கு மூன்று பூச்சு, தண்ணீரை உறிஞ்சுவது முனைகள்தான். கூரை விளிம்பு இரண்டு அடி வெளியே நீண்டிருக்கிறது. மறுபூச்சு எப்போது என்று நாள்காட்டியில் குறிக்கத் தேவையில்லை. முதலில் வறள்வது மேற்குச் சுவர். கோடையில் ஒரு காலை அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஓராண்டு விடலாம். பத்து நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் அந்த வாரமே எண்ணெய் வாங்கிவிட வேண்டும்.