டாம்கேட் எங்க இருக்குன்னு தேடாதீங்க, ஜாருக்குள்ள இருக்கு

காரைக்குடி சுத்துவட்டாரத்துல சின்ன சின்ன யாவாரத்துக்கு வெப் அப்ளிகேஷன் பண்ணிக் குடுக்குறதுதான் நம்ம பொழப்பு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்டாங்கி சேலை கடை, பழைய மரச்சாமான் விக்கிறவங்க, பலகாரம் போட்டு வெளியூருக்கு பார்சல் அனுப்புற ஆச்சிங்க, இப்படி. எல்லாமே ஜாவாதான், அதை மாத்துற ஐடியாவும் இல்ல. புதுசா கூட வேலை பாக்க வந்த பையன் ஒருத்தன் சர்வர்ல நுழைஞ்சு ரொம்ப நேரம் துழாவிட்டு, "அண்ணே, வெப்ஆப்ஸ் ஃபோல்டரையே காணமே, டாம்கேட் எங்க போட்டுருக்கீங்க?"ன்னு கேட்டான். டாம்கேட்ங்கிறது ஜாவா வெப் அப்ளிகேஷன ஓட்டுற சர்வர் புரோகிராம். அவன் காலேஜ்ல படிச்சது அப்ளிகேஷன வார் ஃபைல்னு ஒரே கட்டாக் கட்டி டாம்கேட்டோட வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ள தூக்கிப் போடுற முறை. இங்க டாம்கேட்ட தனியா இன்ஸ்டாலே பண்ணல. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்க எழுதுறேன்.

பழைய முறை தப்புன்னு சொல்ல வரல. பெரிய ஆபீஸ்ல சர்வர பாத்துக்க தனி ஆள் இருப்பாங்க, நாலஞ்சு டீம் அவங்கவங்க வார் ஃபைல குடுத்துட்டுப் போவாங்க, அங்க அது சரி. பட்டறைக்கு யாரு தனி ஆள் வைப்பா? கணக்குப்பிள்ளை மேசைக்குக் கீழ ஒரு குட்டி பிசி, அதுல லினக்ஸ், அவ்வளவுதான். அதுல ஏற்கனவே வேற யாரோ குடுத்த பில்லிங் சாப்ட்வேர் டாம்கேட்டோட வந்து 8080 போர்ட்ட (நெட்வொர்க் வாசல் நம்பர்) புடிச்சு உக்காந்திருக்கும், அதோட வெர்ஷன் எதுன்னு யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள நம்ம வார் ஃபைலையும் போட்டா ரெண்டும் ஒரே ஜேவிஎம்ல (ஜாவா புரோகிராம ஓட்டுற எஞ்சின்) ஓடும், ஒண்ணு மெமரிய முழுங்குனா இன்னொண்ணும் சேந்து படுக்கும். போதாததுக்கு சர்வர நிறுத்தாமலே வார் ஃபைல மாத்தி மாத்திப் போட்டா பழைய கிளாஸ்லோடர் (கோட மெமரில ஏத்துறது) போக மாட்டாம தொங்கிக்கிட்டே இருக்கும், ஒருநாள் மெமரி இல்லன்னு கத்தும்.

எம்பெடட் முறைல இதத் தலைகீழாத் திருப்பிப் போட்டுட்டாங்க. சர்வருக்குள்ள அப்ளிகேஷன் இல்ல, அப்ளிகேஷனுக்குள்ள சர்வர். மெயின் மெத்தட்ல டாம்கேட் ஆப்ஜெக்ட் ஒண்ணு உண்டாக்கி, போர்ட் நம்பர் குடுத்து, சர்வ்லெட்ட (வர்ற ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் சொல்ற நம்ம கோடு) மாட்டி, ஸ்டார்ட்னு கூப்புட்டா முடிஞ்சுது. இத ரொம்ப காலமா சொல்லிட்டு வந்தது டாம்கேட் மாதிரியே இன்னொரு சர்வரான ஜெட்டிதான். 1995ல கிரெக் வில்கின்ஸ் ஆரம்பிச்சது, 2009ல எக்லிப்ஸ் பவுண்டேஷனுக்குப் போச்சு. உங்க அப்ளிகேஷன ஜெட்டிக்குள்ள போடாதீங்க, ஜெட்டிய உங்க அப்ளிகேஷனுக்குள்ள போடுங்கங்கிறதுதான் அவங்க கோஷமே. கோட தானா பில்டு பண்ணித் தர்ற ஜென்கின்ஸ ஜாவா மைனஸ் ஜார்னு ஓட்டுறோமே, அதுக்குள்ள ஓடுறதும் ஜெட்டிதான். 2014ல ஜாவா அப்ளிகேஷன் எழுத உதவுற ஸ்பிரிங் பூட் 1.0 வந்து டாம்கேட்ட உள்ள வச்சே குடுத்தப்புறம் ஊரே இந்தப் பக்கம் சாஞ்சிருச்சு.

நமக்கு இதுல லாபம் என்னன்னா ஒரே ஒரு ஜார் ஃபைல், அப்ளிகேஷன், சர்வர் எல்லாம் சேந்த ஒரே கட்டு. பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு பைக்குல போயி, அங்க ஜாவா மட்டும் இருந்தா ஓட்டிக் காட்டிட்டு காபி குடிச்சிட்டு வந்துரலாம்.

ஆனா ஒண்ணு. இது மண்டபத்துல கல்யாணம் வைக்கிறதுக்கும் சொந்த வீட்டு வளவுலயே வைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. சொந்த வீட்டுல வச்சா நம்ம இஷ்டம்தான், யாரையும் கேக்க வேணாம், ஆனா தண்ணி, லைட்டு, ஜெனரேட்டர், வந்தவங்க செருப்பு வரைக்கும் நம்ம பொறுப்பு. முன்னாடி சர்வர் அட்மின் பாத்துக்கிட்ட எல்லாமே இப்ப நம்ம புரோகிராமோட வேலை. இத யாரும் டுடோரியல்ல சொல்ல மாட்டேங்கிறாங்க, அஞ்சு வரில ஹலோ வேர்ல்ட் காட்டிட்டு ஓடிர்றாங்க.

அந்த அஞ்சு வரிலயே ஒரு பொறி இருக்கு. டாம்கேட் 9ல இருந்து கெட் கனெக்டர்ங்கிற மெத்தட நீங்களா ஒருதடவ கூப்புடணும், பேருக்கு எதையோ கேட்டு வாங்குற மாதிரி இருக்கு, ஆனா போர்ட்ல வர்ற கனெக்ஷன வாங்குற கனெக்டர உண்டாக்குறதே அதுதான். கூப்புடலன்னா எரர் எதுவும் வராது, லாக்ல சர்வ்லெட் என்ஜின் ஸ்டார்ட் ஆச்சுன்னு அழகா வரும், பிரவுசர்ல போனா கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு. பழைய பதிவப் பாத்து காப்பி அடிக்கிறவங்க எல்லாம் இங்கதான் மாட்டுவாங்க. அடுத்தது கடைசில சர்வர் அவெய்ட் கூப்புடணும், இல்லன்னா மெயின் முடிஞ்ச கையோட ஜேவிஎம்மும் கடைய மூடிரும். ஜெட்டில இதுக்கு ஜாயின்னு ஒண்ணு உண்டு, ஆனா அதக் கூப்புடலன்னாலும் ஜேவிஎம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஸ்பிரிங் பூட்ல இது ரெண்டுமே உங்க கண்ணுக்கு வராது.

இப்ப டைல்ஸ் பட்டறைக் கதைக்கு வரேன், இதத்தான் முக்கியமா எழுத நெனச்சேன். அந்த அப்ளிகேஷன் நான் எழுதுனது இல்ல, 2018 வாக்குல யாரோ ஸ்பிரிங் பூட் 2.0ல பண்ணிக் குடுத்தது, சென்ட்ஓஎஸ் 7ங்கிற லினக்ஸ்ல ஓடிக்கிட்டிருந்துச்சு, பராமரிப்பு மட்டும் நம்மகிட்ட வந்துச்சு. வீடு கட்டுறவங்க பழைய வீட்டுத் தரைய போட்டோ எடுத்து "இதே பூ, இதே பச்சை"ன்னு அனுப்புவாங்க, அந்த போட்டோவ ஆர்டரோட சேத்து ஏத்துவாங்க, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்துறவரு அத ஃபோன்ல பாத்துதான் ஊத்துவாரு. ஒருநாள் பட்டறைக்காரர் கூப்புட்டாரு.

"தம்பி, ஆர்டர் எல்லாம் ஏறுது, போட்டோ மட்டும் ஏற மாட்டேங்குது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல, கரண்ட் போயிட்டு வந்தா தன்னால சரியாயிருது. ஆடி மாசம் வந்தாதான் இந்தச் சனியன் புடிக்குது."

சிரிப்பாத்தான் இருந்துச்சு, ஆனா மனுசன் சொன்ன ரெண்டுமே சத்தியமான உண்மை. நடந்தது இதுதான். டாம்கேட் ஆரம்பிக்கும்போது தனக்கு ஒரு பேஸ் டைரக்டரி வேணும்னு ஸ்லாஷ் டெம்ப்ங்கிற தற்காலிக ஃபோல்டர்ல டாம்கேட் டாட் ஏதோ நம்பர் டாட் 8080ன்னு ஒண்ணு உண்டாக்கிக்கும். அப்லோட் ஆகுற ஃபைல் எல்லாம் முதல்ல அதுக்குள்ள எறங்கிட்டுத்தான் நம்ம கைக்கு வரும். சென்ட்ஓஎஸ்ல சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களப் பாத்துக்குற புரோகிராம்) தினமும் ஒருதடவ டெம்ப கூட்டிப் பெருக்கும், 10 நாளா யாரும் தொடாதத எடுத்து வீசிரும். மத்த மாசமெல்லாம் ரெண்டு நாளைக்கு ஒரு போட்டோவாவது ஏறும், அதனால டைரக்டரி தப்பிச்சிரும். ஆடில யாரும் புது வேல ஆரம்பிக்க மாட்டாங்க, வெறும் பழைய ஆர்டர் பாக்கி வசூல்தான், பத்து நாள் ஒரு போட்டோவும் இல்ல, டைரக்டரி காலி. பதினோராவது நாள் யாராவது போட்டோ அனுப்புனா டெம்பரரி அப்லோட் லொகேஷன் நாட் வேலிட்னு எரர். கரண்ட் போயி வந்தா புது டைரக்டரி, எல்லாம் சரி. அவரு சொன்ன ஆடிக் கணக்க நம்பி சிஸ்டம்டி பக்கம் போனதாலதான் சீக்கிரம் சிக்குச்சு, கோட மட்டும் உத்துப் பாத்துட்டு இருந்திருந்தா அடுத்த ஆடி வந்திருக்கும்.

வைத்தியம் ஒரே வரி, சர்வர் டாட் டாம்கேட் டாட் பேஸ்டிர்னு போட்டு டெம்புக்கு வெளிய ஒரு எடத்தக் காட்டுறது. பின்னாடி வந்த ஸ்பிரிங் பூட் வெர்ஷன்கள்ல அப்லோட் டைரக்டரி இல்லன்னா அதுவே திரும்ப உண்டாக்கிக்கும், இருந்தாலும் நான் எல்லா எடத்துலயும் இந்த வரியப் போட்டுத்தான் வைக்கிறேன். ஜெட்டில வார் ஃபைல வச்சு ஓட்டுறவங்களுக்கும் இதே தலைவலி உண்டு, அது வார் ஃபைல டெம்புலதான் பிரிச்சு வைக்கும், வொர்க் டைரக்டரி தனியா குடுத்துருங்க.

கரண்ட் பேச்சு வந்ததால இதையும் சொல்லிர்றேன். யூபிஎஸ் பேட்டரி எறங்குறப்ப பிசிய ஒழுங்கா நிறுத்துற மாதிரி கேபிள் போட்டு வச்சிருக்கணும், அப்பத்தான் ஜேவிஎம்முக்கு வேலைய முடிச்சு நிறுத்திக்கன்னு சொல்ற சிக்டெர்ம் சிக்னல் வரும். ஸ்பிரிங் பூட் 2.3ல இருந்து கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் இருக்கு, கைல இருக்குற ரிக்வெஸ்ட்ட முடிக்க 30 செகண்ட் வரைக்கும் பொறுத்துட்டு அப்புறம் நிக்கும். வெறும் டாம்கேட்னா நிக்கிறப்ப ஓடுற ஷட்டவுன் ஹூக்க நீங்களே எழுதணும். இன்னொண்ணு, சிக்டெர்ம்ல நிக்கிற ஜாவா 143ங்கிற எக்ஸிட் கோடோட போகும், சிஸ்டம்டி அத ஃபெயிலுன்னு நெனச்சு செகப்புல காட்டும், யூனிட் ஃபைல்ல (சர்வீஸ எப்படி ஓட்டணும்னு சிஸ்டம்டிக்குச் சொல்ற ஃபைல்) 143ம் நல்ல முடிவுதான்னு சக்ஸஸ் எக்ஸிட் ஸ்டேட்டஸ்ல எழுதிருங்க.

மெமரி விசயம் சின்னது. ஒண்ணும் சொல்லலன்னா ஜேவிஎம் மெஷின் மெமரில கால்வாசி வரைக்கும் ஹீப்புக்கு (ஆப்ஜெக்ட் எல்லாம் இருக்குற மெமரி) எடுத்துக்கலாம்னு வச்சுக்கும், 4 ஜிபி பிசின்னா 1 ஜிபி. டாம்கேட் 200 த்ரெட் (ஒரே நேரத்துல ரிக்வெஸ்ட்டப் பாக்குற வேலையாள் மாதிரி) வரைக்கும் போகும். பட்டறைல மொத்தமே ஆறேழு ஃபோன், அதுக்கு எதுக்கு 200? நான் 20ன்னு வச்சு, ஹீப்ப 256 எம்பில கட்டிர்றேன். இதுவரைக்கும் யாரும் மெதுவா இருக்குன்னு சொன்னதில்ல.

போர்ட் 80ல நேரா ஓட்டணும்னு ரூட் யூசரா ஜாவாவ ஓட்டுறவங்களப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாம். முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர வச்சு எச்டிடிபிஎஸ்ஸ அதுகிட்ட விட்டுட்டு, உள்ள 8080ல டாம்கேட். அப்ப டாம்கேட்ட 127.0.0.1ல (அதே மெஷினோட உள் முகவரி) மட்டும் கேக்கச் சொல்லணும், இல்லன்னா என்ஜின்எக்ஸ சுத்திக்கிட்டு வைஃபைல இருக்குற எவனும் நேரா உள்ள வந்துரலாம். வந்தது எச்டிடிபிஎஸ்லன்னு என்ஜின்எக்ஸ் சொல்ற ஃபார்வர்டு ஹெடர நம்பச் சொல்லி செட்டிங்கும் போடணும், மறந்தா லாகின் முடிஞ்சு ரீடைரக்ட் ஆகுறப்ப எச்டிடிபிக்கே போயி நிக்கும்.

ஜெட்டியா டாம்கேட்டான்னு பையன் கேட்டான். எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், உனக்கு டாக்குமெண்ட் எது புரியுதோ அத எடுத்துக்கன்னேன். ஆனா வெர்ஷன் பாத்து எடுக்கணும். டாம்கேட் 10ல இருந்து சர்வ்லெட் பேக்கேஜ் பேரு ஜாவாஎக்ஸ் போயி ஜகார்ட்டா ஆயிருச்சு, ஸ்பிரிங் பூட் 3ம் அப்படித்தான், ஜாவா 17ம் கட்டாயம். பழைய ஃபில்டர் லைப்ரரி எதையாவது நம்பி இருந்தா 9லயே நில்லுங்க, இல்லன்னா ஜெட்டி 12 பாருங்க, அதுல ரெண்டையும் வச்சுக்க வழி இருக்கு. பட்டறை அப்ளிகேஷன பூட் 3க்கு ஏத்துற வேல இன்னும் பாக்கி. சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூனோட அப்டேட்டும் நின்னுருச்சு, ஓஎஸ்ஸோட சேத்தே மாத்தணும். அடுத்த ஆடில பட்டறை சும்மா இருக்குறப்ப பாத்துக்கலாம்னு பட்டறைக்காரர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். யூனிட் ஃபைலும் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கும் வேணும்னா கேளுங்க, அனுப்புறேன்.