செவ்வரத்தைக்கு வந்த கறுப்பன்

உவர்மலை வீட்டு வளவில், கிணற்றடிச் செவ்வரத்தைக்குக் காலையில் ஒரு கறுப்புக் குருவி வரும். அம்மம்மாவுக்கு அது வெறும் தேன்குருவி, எனக்கோ அது ஊதாத் தேன்சிட்டு என்று இரண்டு வருடமாக அசையாத நம்பிக்கை. வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மினுங்கும், நிழலுக்குள் போனால் கரித்துண்டு. அந்த மினுக்கம் சாயமில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி படும் விதம். அதனால் நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால் ஏமாறத்தான் வேண்டும், நான் ஏமாந்தேன்.

போன கிழமை அது பூவின் வாய்ப்பக்கம் போகாமல் அடியில் குத்தித் தேனை உறிஞ்சிக்கொண்டிருந்தது (சுத்தக் களவு, மகரந்தம் ஒன்றும் ஒட்டாது). அப்போதுதான் அலகைச் சரியாகப் பார்த்தேன். தலையைவிட நன்றாக நீளம், அரிவாள் மாதிரி வளைவு. நெஞ்சில் மெல்லிய அரக்குப் பட்டை, வயிறு கறுப்பில்லை, மங்கிய மண்ணிறம். சரி, இது லோட்டன் தேன்சிட்டு! 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர்தான் அது.

ஊதாத் தேன்சிட்டின் ஆணுக்கு அலகு கட்டை, வயிறும் கறுப்பு. வயிறு மஞ்சளாக, தொண்டை ஊதாவாக இருந்தால் அது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண், குழப்பமே இல்லை. பெண்கள்தான் தலையிடி: லோட்டனுக்கும் ஊதாவுக்கும் இரண்டும் மேலே சாம்பல் பச்சை, கீழே மங்கல் மஞ்சள். அங்கேயும் அலகைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மம்மாவிடம் சொன்னேன். "தேன்குருவிதானே?" என்றுவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டா.