மேசை விரிப்பை எடுத்துட்டேன்

ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீடு. தங்கச்சி மகனுக்கு ஒன்றரை வயசு. மேசை விரிப்போட நுனியைப் பிடிச்சு எழுந்து நின்னான். அப்பத்தான் கலக்கி வச்ச கோப்பி, குவளையோட அவன் தோள்ல சரிஞ்சிருச்சு.

அம்மா பற்பசையோட ஓடி வந்தாங்க, பக்கத்து வீட்டு அக்கா கிச்சாப் (சோயா சாஸ்) போத்தலோட. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த காலத்துல இருந்தே கைவைத்தியம் அதுதான். பாசத்துலதான் செய்றாங்க. ஆனா அது சூட்டை இறக்காது, புண்ணுல கிருமி சேரவும் வழி பண்ணும்.

சட்டையைக் கழற்றிட்டு, குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் பிடிச்சிருந்தேன். வீறிட்டு அழுதான், என் கழுத்தை இறுக்கிக்கிட்டான். பாதியிலயே நிறுத்திடலாமான்னு மனசு கெஞ்சுச்சு. நிறுத்தல. தோள் தவிர மற்ற இடமெல்லாம் துண்டால போர்த்தியிருந்தோம், குளிர்ல நடுங்கக் கூடாதுன்னு. அப்புறம் சுத்தமான துணியால மூடி கிளினிக்குக் கொண்டு போனோம்.

ஐஸ் வைக்காதீங்க. சட்டை தோல்ல ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க. காயம் பெருசா இருந்தா, முகத்துல பட்டிருந்தா, உடனே 999க்குக் கூப்பிடுங்க.

60 பாகை சூட்டுத் தண்ணி பெரியவங்க தோலையே 5 விநாடியில ஆழமா வேக வச்சிரும். பிள்ளைங்க தோல் அதைவிட மெல்லிசு.

கேத்தல் வயர் மேசை விளிம்புல தொங்குதான்னு இப்பவே போய்ப் பாருங்க. எங்க வீட்டுல தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.