காலை 5.39

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நானும் என் பெறாமகனும் விடியுமுன்பே எழும்பி போனும் கையுமாக இருந்தோம். பிட்காயின் என்ற இணையக் காசின் கணக்கு பிளொக் பிளொக்காக, பக்கம் பக்கமாக எழுதுவதுபோல், எழுதப்படுகிறது. 839,999 என்று நின்ற பிளொக் இலக்கம் 840,000 ஆனது. மணி 5.39. மைனிங் செய்பவருக்கு, அதாவது பிளொக் எழுதுபவருக்கு, ஒரு பிளொக்குக்குக் கிடைக்கும் புதுக்காசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகிவிட்டது.

"அவ்வளவுதானா பெரியம்மா?" என்றான். "அவ்வளவுதான் மனே."

அதற்கு ஒரு மாதம் முன்பு அவன் நாற்பதாயிரம் ரூபாயை ஒரு வட்ஸ்அப் குழுக்காரருக்கு அனுப்பியிருந்தான். ஏப்ரலில் எல்லாம் பாதியாகப் போகிறது, அதற்குள் போட்டால் இரட்டிப்பு என்றார்களாம். காசு திரும்பவில்லை. கூலி வேலையில் சேர்த்த காசு அது. மனம் ஆறவில்லை. நான் கணித ஆசிரியை; எது பாதியாகிறது என்று அவனுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுதான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

பாதியாவது மைனிங் செய்பவரின் கூலி. கொடுக்கல் வாங்கல்களைத் திரட்டி, ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளொக் எழுதப்படுகிறது. எழுதும் உரிமைக்காக உலகெங்கும் கணினி இயந்திரங்கள் போட்டி போடுகின்றன; வென்றவருக்குப் புதுக்காசு. 2009 இல் அது 50. ஒவ்வொரு 210,000 பிளொக்குக்கும் ஒருமுறை பாதியாகும். 2012 நவம்பரில் 25, 2016 ஜூலையில் 12.5, 2020 மேயில் 6.25.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது என்று கூட்டம் போட்டுப் பேசித் தீர்மானிப்பார்கள். இங்கே கூட்டமும் இல்லை, நாட்காட்டியும் இல்லை. பிளொக்கை எண்ணுவதுதான் கணக்கு. இயந்திரங்கள் கூடினால் பிளொக் விரைவாக வருமே என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்காகத்தான் 2016 பிளொக்குக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு ஒருதரம், போட்டியின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, "கிறார்கள்" இல்லை, பிட்காயினை இயக்கும் கணினி நிரல் தானே செய்கிறது என்று திருத்தினேன். ஆகவே நாலு வருடக் கணக்கு பெரிதாகப் பிசகுவதில்லை. அடுத்தது 1,050,000 ஆவது பிளொக், 2028 அளவில்.

அன்று காலை வந்த 840,000 ஆவது பிளொக்கில் ஒரு விசேஷம். பிட்காயின் கணக்கின் மேலேயே வேறு டோக்கன்களை, அதாவது இணைய வில்லைகளை, வெளியிடும் ரூன்ஸ் என்ற புதிய முறை அதே பிளொக்கில் தொடங்கியதால், தங்கள் கொடுக்கல் வாங்கலுக்கு அதில் இடம்பிடிக்க ஆட்கள் மைனிங் செய்தவருக்குக் கட்டிய கட்டணமே 37 பிட்காயினைத் தாண்டியது. புதுக்காசு வற்றிப்போகும் காலத்தில் மைனிங் செய்பவர் கட்டணத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

விலை ஏறலாம், இறங்கலாம். அது வேறு விஷயம். யாரோ ஒருவர் கையில் கொடுத்த காசு இரட்டிப்பாகும் என்று இந்த நிரலில் ஒரு வரியும் இல்லை.

இப்போது உயர்தர வகுப்பில் பெருக்கல் விருத்திக்கு இதைத்தான் உதாரணமாகத் தருகிறேன். 50, 25, 12.5 என்று கூட்டிக்கொண்டே போனால் 100. அதை 210,000 ஆல் பெருக்கினால் 2 கோடியே 10 இலட்சம். போன மாதம் ஒரு பிள்ளை, "அப்ப முழுசா அவ்வளவும் வருமா டீச்சர்?" என்று கேட்டாள். வராது. ஒரு பிட்காயின் 10 கோடி சதோசி, அதற்குக் கீழே துண்டு கிடையாது. பத்தாவது தடவை பாதியாக்கும்போது 4,882,812.5 சதோசி வரும். அந்த அரைச் சதோசியை நிரல் விட்டுவிடும். 33 ஆவது தடவை பூச்சியம். அவள் கரும்பலகைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பாதியாக்கிப் பார்த்தாள். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.